பேர் பதிய வாருங்கள்



"பதிவு" என்ற சொல்லை நம் தோட்டத்துப் பெரியவர்கள் காதில் போட்டுப் பாருங்கள். உடனே ஒரு கேள்வி வரும். "எதுக்குப் பதியிறாங்க? பதிஞ்சா நல்லதா, கெட்டதா?" படிக்காதவர்கள் கேட்கும் கேள்வி என்று யாரும் சிரித்துவிட வேண்டாம். படித்துப் பட்டம் வாங்கியவர்களும் விடை சொல்லத் தடுமாறும் கேள்வி அது. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்களோடு உட்கார்ந்து கொஞ்சம் பேசிப் பார்க்க விரும்புகிறேன்.

தோட்டத்தில் பிறந்தவனுக்குப் பதிவு புதிதல்ல. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, கிராணியார் செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய சம்பளம். பேர் விழாத நாள் பட்டினி நாள். பிள்ளை பிறந்தால் பிறப்புப் பத்திரம். நம்மவர்கள் வாயில் அது 'சூராட் பிரானாக்'. பள்ளியில் சேர்க்க, அடையாளக் கார்டு எடுக்க, கல்யாணம் பண்ண, கண்ணை மூடினால் அடக்கம் செய்ய, எல்லாவற்றுக்கும் பதிவு. இந்தப் பதிவெல்லாம் நம்மைக் காப்பாற்றுகிற பதிவு. "இவன் இருக்கிறான், இவனுக்கு இங்கே ஓர் இடம் உண்டு" என்று சொல்லுகிற பதிவு.

ஆனால் இன்னொரு வகைப் பதிவும் உலகத்தில் உண்டு. "இன்ன நாட்டிலிருந்து வந்தவன் நீ, ஆகவே தனியாக வந்து நில்" என்று சொல்லுகிற பதிவு. அதில் மனிதன் என்ன செய்தான் என்பது பேச்சில்லை. எங்கிருந்து வந்தான் என்பதே பேச்சு.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்தது. தூரத்துக் கதைதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் அது நம் லயத்து வாசலுக்கே வந்து சேரும்.

2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை நாமெல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உலகமே பதறியது. அமெரிக்க மக்களுக்குப் பயம் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பயத்தில் பிறந்த ஏற்பாடுகளில் ஒன்றுதான் வெளிநாட்டு வருகையாளர்களைத் தனியாகப் பதியும் திட்டம். 2002 ஜூன் மாதம் அன்றைய தலைமைச் சட்ட அதிகாரி ஜான் ஆஷ்கிராஃப்ட் அதை அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் விமான நிலையங்களில் அது தொடங்கியது. என்சீர்ஸ் என்று சுருக்கமாக அழைத்தார்கள்.

பிறகு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்தவர்களையும் அழைத்தார்கள். எல்லாரையும் அல்ல. 25 நாடுகளின் பட்டியல் ஒன்று போட்டார்கள். அந்த நாடுகளைச் சேர்ந்த, 16 வயது நிரம்பிய ஆண்கள் மட்டும் வர வேண்டும். படிக்க வந்தவர், வேலைக்கு வந்தவர், சுற்றிப் பார்க்க வந்தவர் எல்லாரும் அதில் அடக்கம். முதலில் ஈரான், ஈராக், லிபியா, சூடான், சிரியா. அடுத்து ஆப்கானிஸ்தான், லெபனான், மொரோக்கோ, சோமாலியா, ஏமன் போன்றவை. மூன்றாவது பாகிஸ்தானும் சவூதி அரேபியாவும். நான்காவது வங்காளதேசம், எகிப்து, ஜோர்டான், குவைத், இந்தோனேசியா. வட கொரியாவும் பட்டியலில் இருந்தது. மற்றவை பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் மிகுந்த நாடுகள். மலேசியா அதில் இல்லை. ஆனால் நம் இரு பக்கத்து அண்டை வீட்டார் போன்ற இந்தோனேசியரும், இன்று நம் தோட்டங்களில் குலை வெட்டுகிற வங்காளதேசத்தவரும் இருந்தார்கள் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பின்படி போனவர் விரல்ரேகை கொடுக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். சத்தியம் செய்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஊருக்குத் திரும்பும்போதும் அவர்கள் குறித்துக் கொடுத்த விமான நிலையம் அல்லது துறைமுகம் வழியாகத்தான், அதிகாரியிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். இதில் எது தவறினாலும் குற்றம்.

சரி, யார் போனார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் ஆடு காணாமற்போனது என்று வைத்துக்கொள்வோம். "திருடினவன் எல்லாரும் நாளை காலை ஆபீஸ் வாசலில் வந்து பேர் கொடுக்கவும்" என்று அறிவித்தால் திருடன் வருவானா? வரமாட்டான். சட்டத்துக்குப் பயந்தவன், "கூப்பிட்டார்கள், போகாவிட்டால் தப்பாகிவிடுமே" என்று நினைக்கிறவன்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். அமெரிக்காவிலும் அதுதான் நடந்தது. 2002 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் தாமாகவே பதிய வந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரை அங்கேயே பிடித்து அடைத்தார்கள். பெரும்பாலோர் ஈரானியர்கள். அவர்களில் பலருடைய நிரந்தரவாச விண்ணப்பங்கள் இலாகா மேசையிலேயே முடிவாகாமல் கிடந்தன. விசா தேதி தாண்டியதற்குக் காரணம் அந்தத் தாமதம். ஆனால் சிறைக்குப் போனது மனிதன்.

நாட்டுக்குள் இருந்து பதிய வந்தவர்கள் 80,000 பேருக்கும் மேல். அவர்களும் விமான நிலையத்தில் பதியப்பட்டவர்களுமாகச் சேர்த்து, 13,000க்கும் அதிகமானோரை நாடு கடத்தும் நடவடிக்கைக்கு உட்படுத்தினார்கள். பயங்கரவாதக் குற்றத்துக்காக அந்தப் பதிவின் மூலம் தண்டிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் கடைவைத்துப் பிழைத்த பாகிஸ்தானியக் குடும்பங்கள் பல, பதிவுக்குப் பயந்து பிள்ளைகுட்டிகளோடு கனடா எல்லைக்குப் போய் அடைக்கலம் கேட்டன. 2011 ஏப்ரலில் 25 நாடுகளின் பேரையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2016 டிசம்பரில் அந்த விதியையே சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கினார்கள். ஆனால் பிரிந்த குடும்பம் பிரிந்ததுதானே? அடித்த எழுத்தை ரப்பரால் அழிக்கலாம். போன வருஷங்களை எந்த ரப்பரால் அழிப்பது?

இப்போது நம் கதைக்கு வருவோம்.

இந்த நாட்டில் அடையாளக் கார்டு வந்தது 1948இல், அவசரகாலம் அறிவித்த பிறகு. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளையும் வெளியில் இருந்த மக்களையும் பிரித்தறிய வெள்ளைக்கார அரசாங்கம் செய்த ஏற்பாடு அது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் எடுத்தாக வேண்டும். மெர்டேக்காவுக்குப் பிறகு கார்டின் நிறம் பேச ஆரம்பித்தது. பிரஜைக்கு நீலம். பிரஜையல்லாத நிரந்தரவாசிக்குச் சிவப்பு. நம் தோட்டங்களில் ஒரே வீட்டில் இரண்டு நிறமும் இருந்தது. 1957 ஆகஸ்ட் 31 முதல் இங்கே பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே பிரஜைகள். 1962க்குப் பிறகு பிறந்தவர்களென்றால் பெற்றோரில் ஒருவராவது பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டியிருந்தது. ஆனால் கப்பலேறி வந்த பெற்றோர் விண்ணப்பம் போட வேண்டும்; இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தேன் என்று ஆதாரம் காட்ட வேண்டும்; மலாய் தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் எழுந்து மரம் வெட்டி, மாலையில் குளித்துச் சாப்பிட்டுப் படுக்கிற மனிதன் ஆதாரத்துக்கு எங்கே போவான்?

என் தகப்பனார் 1937இல் சிறு பையனாக வந்தவர். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை மாலைகளில் லயம் லயமாக நடந்து, "தாள் இருக்கா, எடுத்து வாங்க" என்று கேட்டு வாங்கி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பார். காசு வாங்கமாட்டார். காபி கொடுத்தால் குடிப்பார். அவர் புண்ணியத்தில் அப்பாவுக்கு நீலக் கார்டு கிடைத்தது.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த பெரியப்பாவுக்குக் கிடைக்கவில்லை. சொந்தப் பெரியப்பா அல்ல. ஒரே கப்பலில் வந்தவர்கள் என்பதால் முறை வைத்துக் கூப்பிட்டோம். அவர் கார்டில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், ஊரிலிருந்து கொண்டுவந்த தாளில் இன்னொரு பேர். எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அவரால் முடியவில்லை. இரண்டு முறை டவுனுக்குப் போய்த் திரும்பினார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்று பெரியம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு போகவில்லை.

1968இல் பிரஜையல்லாதவர்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1969 கலவரத்துக்குப் பிறகு அதைக் கண்டிப்பாக நடத்தினார்கள். சிவப்புக் கார்டுக்காரர் வேலை செய்ய வேண்டுமானால் பர்மிட் எடுக்க வேண்டும். இருபது, முப்பது ஆண்டு ஒரே தோட்டத்தில் பால் எடுத்தவர்கள் திடீரென்று, "எனக்கு வேலை செய்ய அனுமதி கொடுங்கள்" என்று வரிசையில் நின்றார்கள். அந்தக் காலத்தில் ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள் என்று வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள்.

பெரியப்பா குடும்பமும் அதில் ஒன்று. 1970இல் 'ரஜூலா' கப்பலில் போனார்கள். அவர் மகன் என்னோடு ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என்னைப் போலவே 1958இல் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவன். அதாவது பிறப்பிலேயே இந்த நாட்டின் பிரஜை. அவன் பார்க்காத ஊருக்கு அவனை 'திருப்பி' அனுப்பினார்கள். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். போகாத இடத்துக்கு எப்படித் திரும்புவது? அவன் தன் கோலிகளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பெரியம்மா அடுப்படிக்குப் பின்னால் நட்டிருந்த கறிவேப்பிலைக் கன்றை எங்கள் அம்மா கடைசிவரை தண்ணீர் ஊற்றி வளர்த்தார்.

நான் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாடு தன் வாசலுக்குள் யார் வருகிறார், யார் போகிறார் என்று கணக்கு வைக்கத்தான் வேண்டும். நம் வீட்டுக்கு இரவில் ஒருவர் வந்தால், "யாருங்க?" என்று கேட்காமல் கதவைத் திறப்போமா? 2023 டிசம்பர் முதல் நம் மலேசியாவிலும் வெளிநாட்டுப் பயணிகள் வருகைக்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகைப் பாரம் நிரப்ப வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. சிங்கப்பூரர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. வெள்ளைக்காரரும் நிரப்புகிறார், சீனாக்காரரும் நிரப்புகிறார், தமிழ்நாட்டிலிருந்து வரும் நம் அத்தை மகனும் நிரப்புகிறார். அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை. கேள்வி எல்லாருக்கும் ஒன்றாக இருந்தால் அது ஒழுங்கு. ஒரு கூட்டத்தை மட்டும் தனியே நிறுத்தினால் அது சந்தேகம். ஒழுங்குக்கும் சந்தேகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம்மில் பலர் கோயில் குளம் பார்க்க இந்தியாவுக்குப் போகிறோம். "ஊருக்குப் போறேன்" என்றுதான் சொல்கிறோம். ஆனால் அங்கே நாம் வெளிநாட்டார். நீண்டகால விசாவில் 180 நாளுக்கு மேல் தங்குகிறவர் வந்து சேர்ந்த 14 நாளுக்குள் வெளிநாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. பாகிஸ்தானியருக்கு அங்கே பல்லாண்டுகளாக அது வெறும் 24 மணி நேரம். அங்கும் நாட்டுக்கு நாடு ஒரு கணக்கு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டாருக்குத் தங்க இடம் கொடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் அது பொருந்தும். பல ஆண்டுகளாக அதைச் 'சி பாரம்' என்று சொல்வார்கள். 1939, 1946ஆம் ஆண்டுகளின் பழைய சட்டங்களை மாற்றி 2025 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஆகவே பயணம் போகுமுன் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. சித்தப்பா வீடுதானே என்று இருந்துவிட்டு, சித்தப்பாவுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது பாருங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் படிக்கிற, வேலை பார்க்கிற பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 1940ஆம் ஆண்டின் பழைய பதிவுச் சட்டத்தை அங்கே 2025 ஏப்ரல் 11 முதல் மறுபடி உயிர்ப்பித்திருக்கிறார்கள். எந்த நாட்டவரானாலும், 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர், 30 நாளோ அதற்கு மேலோ தங்கினால் பதிவு வேண்டும். பயப்பட வேண்டாம், விசாவோடு விமானத்தில் போய், அங்கே ஐ-94 என்ற வருகைப் பதிவு பெற்றவர் பதிவானவராகவே கருதப்படுகிறார். ஆனால் அதை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலில் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். நாம் பிறந்த லயங்களில் இன்று யார் இருக்கிறார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. நாம் டவுன் பக்கம் வந்துவிட்டோம். நம் இடத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பர்மிட், அவர்களுக்கும் தேதி, அவர்களுக்கும் கார்டு.

சென்ற வருஷம் ஒரு வங்காளதேசத்துப் பையன் ஒரு பாரத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "பாக்சிக், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தெரிந்த மலாயில் கேட்டான். படித்துச் சொன்னேன். பேரைக் கேட்டு எழுதப் போனால், அவன் பர்மிட்டில் ஒரு எழுத்து, பாஸ்போர்ட் நகலில் வேறு எழுத்து. "அசல் பாஸ்போர்ட் எங்கே?" என்றேன். முதலாளியிடம் இருக்கிறதாம். எனக்குப் பெரியப்பாவின் மூன்று பேர்கள் ஞாபகத்துக்கு வந்தன.

மற்றவருடைய பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியில்லாமல் வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். அது அந்தப் பையனுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மவர்களே இன்று கான்ட்ராக்டர்களாகவும் மண்டோர்களாகவும் சூப்பர்வைசர்களாகவும் இருக்கிறார்கள். "பங்களா" என்று ஏளனமாகக் கூப்பிடுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நம் தாத்தாவை வேறொருவர் எப்படிக் கூப்பிட்டார் என்பது அதற்குள்ளா மறந்துபோயிற்று?

ஆகவே, தாய்மார்களே, பெரியோர்களே, இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, உங்கள் வீட்டுத் தாள்களைப் பாருங்கள். இன்றும் சிவப்புக் கார்டோடு கண்மூடப் போகிற பாட்டிமார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி வாசலில் நிற்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்தால் 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். அது தாண்டிவிட்டதா? தாமதப் பதிவுக்கும் வழி இருக்கிறது. பதிவு இலாகாவில் கேளுங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பேர், ஒரே எழுத்து இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரிபாருங்கள். கல்யாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம், பெற்றோர் கார்டு எல்லாவற்றையும் நகலெடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். பழைய பிஸ்கட் தகரம் போதும்.

இரண்டு, படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவருக்குப் பாரம் நிரப்பிக் கொடுங்கள். அவர் தமிழரா, ஜாவாக்காரரா, வங்காளியா என்று பார்க்காதீர்கள். எங்கள் வாத்தியார் சனிக்கிழமை மாலைகளில் செய்தது அரை மணி நேர வேலைதான். அந்த அரை மணி நேரம்தான் என்னை இந்த நாட்டில் வைத்தது. அது கிடைக்காத வீடு கப்பலேறிப் போயிற்று.

"பதிஞ்சா நல்லதா, கெட்டதா?" என்ற பெரியவர்களின் கேள்விக்கு என் விடை இது. பதிவு நல்லதா கெட்டதா என்பது புத்தகத்தில் இல்லை. பேனா பிடித்த கையில் இருக்கிறது. அரசாங்கத்தின் பேனா நம் கையில் இல்லை. ஆனால் நம் வீட்டு மேசையிலும் ஒரு பேனா இருக்கிறது. அதை எடுங்கள். யாராவது ஒருவருக்கு அவருடைய பேரைச் சரியாக எழுதிக் கொடுங்கள்.